ஆன்சனில் அன்று ஏன் அப்படி நடந்தது?

1981 அக்டோபர் 31. தஞ்சோங் பகாரை ஒட்டியிருந்த ஆன்சன் தொகுதியில் இடைத்தேர்தல். முந்தைய ஆண்டு டிசம்பரில்தான் அதே தொகுதியில் மக்கள் செயல் கட்சியின் (மசெக) தேவன் நாயர் 84 விழுக்காட்டு வாக்குகளோடு வென்றிருந்தார். அவர் சிங்கப்பூரின் அதிபரானதால் இடம் காலியானது. ஆளும் கட்சிக்கு இது ஒரு சடங்கு மாதிரியான தேர்தல். நாடாளுமன்றத்தில் 1968 முதல் ஒவ்வொரு பொதுத்தேர்தலிலும் எல்லா இடங்களும் அதன் வசமே.

வாக்குகளை எண்ணி முடித்தபோது பாட்டாளிக் கட்சியின் ஜே.பி. ஜெயரத்தினத்துக்கு 7,012. மசெகவின் பாங் கிம் ஹின்னுக்கு 6,359. வித்தியாசம் 653. யாழ்ப்பாணத்தில் பிறந்து ஜொகூரில் வளர்ந்த வழக்கறிஞரான ஜெயரத்தினம் அதற்கு முன் நின்ற தேர்தல்களிலெல்லாம் தோற்றவர். சுதந்திர சிங்கப்பூரில் எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் தேர்தலில் வென்று நாடாளுமன்றத்துக்குள் போனது அதுவே முதல்முறை.

காரணம் கேட்டால் பலரும் பலதைச் சொல்வார்கள். பேருந்துக் கட்டணம் ஏறியது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டு விலை ஏறியது. ஆளும் கட்சி மெத்தனமாக இருந்தது. எல்லாமே உண்மைதான். ஆனால் அன்று முதல் இன்றுவரை எல்லா அலசல்களிலும் தவறாமல் வரும் ஓர் இடப்பெயர் இருக்கிறது: பிளேர் பிளேன். துறைமுக ஆணையத்தின் ஊழியர் குடியிருப்பு அங்கே இருந்தது. கொள்கலன் வளாகத்துக்கு நிலம் வேண்டும், வீடுகளைக் காலி செய்யுங்கள் என்று அங்கிருந்த குடும்பங்களுக்குச் சொல்லப்பட்டது. வீவக வீடு கிடைப்பதில் அவர்களுக்கு முன்னுரிமை தரப்படவில்லை. எங்கே போவது என்று தெரியாத நிலையில் தேர்தல் வந்தது. வாக்குச்சீட்டும் கைக்கு வந்தது.

வீட்டுப் பிரச்சினை என்று இதை ஒரே வரியில் முடித்துவிடலாம். எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவனுக்கு வீடு எப்படி வந்தது, வாக்கு எப்படி வந்தது என்று பின்னோக்கிப் பார்த்தால்தான் 1981 புரியும்.

தஞ்சோங் பகார் கப்பல்துறை நிறுவனம் 1864இல் தொடங்கியது. 1905இல் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. 1913இல் சிங்கப்பூர் துறைமுக வாரியம் உருவானது. பெயர்களும் முதலாளிகளும் மாறினாலும் ஆள் எடுக்கும் முறை நெடுங்காலம் மாறவில்லை. கப்பல் எப்போது வரும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இன்று பத்து கப்பல், நாளை ஒன்றுகூட இல்லை. அதனால் நிரந்தர ஆட்களை வைத்துக்கொள்ள நிர்வாகம் விரும்பவில்லை. ஒப்பந்தக்காரர் ஒருவர் கூட்டமாக ஆள் கொண்டுவருவார். கூலி அவர் கைக்குப் போய்த்தான் தொழிலாளியிடம் வரும். தங்குமிடமும் சாப்பாட்டுக் கடனும் பெரும்பாலும் அந்த வழியாகத்தான். வேலை போனால் படுக்கையும் போய்விடும்.

இந்த ஏற்பாட்டுக்கு இன்னொரு விளைவும் இருந்தது. ஆள் சேர்ப்பவர் தன் ஊர், தன் உறவு, தனக்குத் தெரிந்த தெரு என்றுதான் தேடுவார். எனவே ஊரில் இருந்த சாதி அப்படியே கப்பலேறி வந்து, கூலிகளின் லயன் குடியிருப்பிலும் சாப்பாட்டுக் கடையிலும் கோயில் வாசலிலும் தன் பழைய இடத்தைப் பிடித்துக்கொண்டது. துறைமுகத்துக்கு வந்த தமிழ்த் தொழிலாளர்களில் ஒடுக்கப்பட்ட சமூகத்தவர் ஏராளம். கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்ற நினைப்பு பலருக்கு வந்த முதல் வாரத்திலேயே கரைந்திருக்கும்.

இதே காலத்தில் அமெரிக்காவின் மேற்குக் கரையிலும் துறைமுகத் தொழிலாளி இப்படித்தான் நின்றான். சான் ஃபிரான்சிஸ்கோவில் விடியற்காலையில் படகுத்துறைக் கட்டடத்துக்கு எதிரே கூட்டமாக நிற்க வேண்டும். மேஸ்திரி வந்து, நீ வா, நீ போ என்று கைகாட்டுவார். லஞ்சமும் விசுவாசமும்தான் தகுதி. 1934 மே மாதம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஜூலை 5ஆம் தேதி போலிஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். நகரமே சில நாள் வேலையை நிறுத்தியது. 83 நாளுக்குப் பிறகு அவர்கள் பெற்றவற்றில் கூலி உயர்வைவிடப் பெரியது ஒன்று உண்டு: யாருக்கு இன்று வேலை என்பதை முறை வைத்துப் பகிரும் கூடத்தில் சங்கத்துக்கும் உரிமை. மேஸ்திரியின் விரல் அதிகாரம் அதோடு முடிந்தது. அமெரிக்கச் சீர்திருத்த வரலாறு என்றதும் நமக்கு லிங்கனும் மார்ட்டின் லூதர் கிங்கும் நினைவுக்கு வருவார்கள். தஞ்சோங் பகார்க்காரருக்கு அவர்களைவிட இந்தக் கப்பல்துறைச் சண்டைதான் நெருக்கமான உறவு.

சிங்கப்பூரில் சீர்திருத்தப் பேச்சு வேறு வாசல் வழியாக வந்தது. 1929 இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்தார். 1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் பிறந்தது. திருவாரூரிலிருந்து 1924இல் இங்கே வந்த கோ. சாரங்கபாணி அதன் முக்கியத் தூண். 1935 ஜூலை 6ஆம் தேதி தமிழ் முரசு வார இதழாக ஒரு காசுக்கு வெளிவந்தது, பின்னர் நாளிதழானது. சாதி மறுப்பு, சிக்கனத் திருமணம், மூடப்பழக்க எதிர்ப்பு, கள்ளுக்கடை எதிர்ப்பு இவையெல்லாம் சங்கத்தின் பேச்சு. சாரங்கபாணி தம் வாழ்க்கையிலும் அதைக் காட்டினார்; அவர் மணந்தது ஒரு பெரனாக்கான் சீனப் பெண்ணை.

சங்கத்தின் வேலையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். மேடையில் பேசியவர்கள் பெரும்பாலும் வணிகர், குமாஸ்தா, பத்திரிகைக்காரர். கேட்டவர்களில் பலர் லயனில் படுத்தவர்கள். ‘சாதியை விடு’ என்று மேடை சொல்லும். லயனில் பாய் விரிக்க யாருக்கு எங்கே இடம் என்பதை ஒப்பந்தக்காரர்தான் முடிவுசெய்வார். வேலை கொடுக்கும் முறை மாறாதவரை பேச்சுக்கு ஓர் எல்லை இருந்தது.

தஞ்சோங் பகாரில் அப்போது வேறொரு தமிழ்க் கூட்டமும் காலூன்றியிருந்தது. கடையநல்லூர், தென்காசி முஸ்லிம்கள். மற்ற பலரைப்போல் ஆண் மட்டும் வந்து பணம் அனுப்பும் வழக்கத்தோடு நிற்காமல், குடும்பத்தோடு வந்தவர்கள் இவர்கள். வீட்டுப் பெண்கள் மசாலா அரைத்து விற்று வருமானம் தேடினார்கள். பிள்ளைகள் உடன் இருந்ததால் பள்ளிக்கூடம் தேவைப்பட்டது. கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946இல் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி பின்னர் மேக்ஸ்வெல் சாலையில் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. அது 1982இல் மூடப்பட்டபோது தமிழ்வழிக் கல்வியே இந்நாட்டில் முடிவுக்கு வந்தது. சீர்திருத்தச் சங்கத்தார் பேசிய பல விஷயங்களில் இவர்களுக்கு வேறு கருத்து இருந்திருக்கலாம். ஆனால் இங்கேயே தங்கப்போகிறோம் என்ற முடிவை முதலில் எடுத்தவர்களில் இவர்களும் உண்டு. அரசியலில் அந்த முடிவுக்குத் தனி எடை உண்டு.

போர் முடிந்ததும் துறைமுகம் கொதித்தது. 1946இல் பெரிய வேலைநிறுத்தம். அடுத்து வந்த ஆண்டுகளில் ஒப்பந்தக்காரர் முறை படிப்படியாக ஒதுங்கி, வாரியமே நேரடியாக ஆள் எடுக்கத் தொடங்கியது. 1948 ஜூனில் அவசரநிலை வந்து இடதுசாரிச் சங்கங்களை முடக்கினாலும் இந்த மாற்றம் திரும்பிப் போகவில்லை. ஒப்பந்தக்காரரின் லயன் போய் வாரியத்தின் குடியிருப்பு வந்தது. சாதி பார்த்துப் படுக்கை ஒதுக்கும் இடைத்தரகர் காணாமல்போனார். துறைமுகத் தமிழரிடையே சாதிப் பிரிவினை தளர்ந்ததில் மேடைப் பேச்சைப் போலவே இந்த மாற்றத்துக்கும் பங்குண்டு என்று நினைக்கிறேன்.

வாக்கு வந்த கதை இதைவிடச் சுருக்கமானது. ஆனால் எண்களைக் கவனியுங்கள். 1948 மார்ச்சில் சிங்கப்பூரின் முதல் தேர்தல். பிரிட்டிஷ் குடிமக்களுக்கு மட்டும் வாக்கு; அதுவும் தாமே போய்ப் பதிந்துகொண்டால்தான். பட்டியலில் ஏறியவர்கள் சுமார் 22,000 பேர். அவர்களில் இந்தியர் தங்கள் மக்கள்தொகைப் பங்கைவிட மிக அதிகம். தேர்தலில் நிரப்பிய 6 இடங்களில் கோஹோ, மல்லால், நமாசி என மூன்று பேர் இந்தியச் சமூகத்தவராகவே கருதப்பட்டார்கள். 1955இல் ரெண்டல் அரசமைப்பின்படி தகுதியுள்ளவர் பெயரை அரசே பட்டியலில் சேர்த்தது. ஒரே பாய்ச்சலில் எண்ணிக்கை சுமார் 3 லட்சம். 1957இல் குடியுரிமைச் சட்டம் வந்து இந்தியாவிலும் சீனாவிலும் பிறந்தவர்களுக்கு வாசலைத் திறந்தது. தமிழர்கள் தயங்காமல் பதிந்துகொள்ள வேண்டும் என்று சாரங்கபாணி முரசு வழியாக ஓயாமல் வற்புறுத்தினார். 1959இல் வாக்களிப்பது கட்டாயமானது.

அமெரிக்காவோடு ஒப்பிட்டால் இதன் அருமை தெரியும். அங்கே தேர்தல் பட்டியலில் பெயர் சேர்ப்பது குடிமகனின் பொறுப்பாக இருந்தது. தென்மாநிலங்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுத்தறிவுச் சோதனை, வாக்கு வரி என்று தடைகளை வைத்துக் கறுப்பின மக்களைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தின. வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போனவர்கள் செல்மா பாலத்தில் அடிவாங்கி, 1965 ஆகஸ்ட்டில் வாக்குரிமைச் சட்டம் நிறைவேறிய பிறகே அந்தத் தடைகள் உடைந்தன. இங்கே காலனி அரசாங்கம் ஓர் அரசமைப்பு மாற்றத்தில் கொடுத்ததை, சுதந்திர நாடான அமெரிக்கா தன் மக்களில் ஒரு பகுதிக்குக் கொடுக்க மேலும் பத்து ஆண்டு எடுத்துக்கொண்டது. காலனி ஆட்சியைப் பாராட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. விட்டுவிட்டுப் போகும் நேரத்தில் கொடுப்பது எளிது.

1955 தஞ்சோங் பகாருக்கு மறக்க முடியாத ஆண்டு. ஏப்ரல் 2ஆம் தேதி தேர்தல். 1952 தபால்காரர் வேலைநிறுத்தத்தில் சங்கத்தின் சட்ட ஆலோசகராகப் பெயரெடுத்த லீ குவான் யூ அங்கே நின்றார். கூலி வாங்கிப் பிழைப்பவர்களும் சிறு வியாபாரிகளும் நிறைந்த தொகுதி, பணக்காரர்கள் குறைவு. அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்ததாக அவரே பின்னாளில் எழுதினார். 6,029 வாக்குகள் பெற்று வென்றார். அந்த மாதம் முடிவதற்குள் துறைமுக வாரியத்தின் அலுவலக ஊழியர்கள் வேலையை நிறுத்தினார்கள். 67 நாள் நீடித்த அந்தப் போராட்டத்தின் முகம் ஜமித் சிங். அதே ஆண்டு டிசம்பரில், உலகின் மறுபக்கத்தில் மாண்ட்கோமரி நகரக் கறுப்பின மக்கள் இனப் பாகுபாட்டை எதிர்த்துப் பேருந்தில் ஏற மறுத்து நடக்கத் தொடங்கினார்கள்.

ஜமித் சிங்கையும் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஹாரி பிரிட்ஜஸையும் அருகருகே வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. இருவருமே துறைமுகத் தலைவர்கள், இருவருமே வெளியிலிருந்து வந்தவர்கள். ஆஸ்திரேலியாவில் பிறந்த பிரிட்ஜஸை நாடுகடத்த அமெரிக்க அரசு பல ஆண்டு முயன்றது. 1945இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அவர் அமெரிக்கக் குடிமகனாகிச் சங்கத்தை மேலும் பல பத்தாண்டு நடத்தினார். ஜமித் சிங் 1963 பிப்ரவரி 2ஆம் தேதி ‘கோல்டு ஸ்டோர்’ நடவடிக்கையில் கைதான நூற்றுக்கு மேற்பட்டோரில் ஒருவர். பின்னர் சிங்கப்பூரிலிருந்து மலாயாவுக்கு வெளியேற்றப்பட்டார். கம்யூனிச சதியை முறியடிக்க அந்தக் கைதுகள் தேவைப்பட்டன என்பது அரசின் நிலைப்பாடு. அரசியல் எதிரிகளை அகற்றும் வேலை அது என்பது எதிர்வாதம். வரலாற்றாசிரியர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள்.

அந்தக் கைதுகளுக்கு முன்னோட்டம் ஆன்சனில்தான் நடந்தது. 1961 ஜூலை 15ஆம் தேதி நடந்த இடைத்தேர்தலில் பாட்டாளிக் கட்சியின் டேவிட் மார்ஷல் மசெக வேட்பாளரை 546 வாக்குகளில் வீழ்த்தினார். அதற்கு முன்பே ஆறு தொழிற்சங்கத் தலைவர்கள் மசெக தலைமையோடு முரண்பட்டு நின்றிருந்தார்கள்: லிம் சின் சியோங், ஃபோங் சுவீ சுவான், வுட்ஹல், டொமினிக் புதுச்சேரி, எஸ்.டி. பாணி, ஜமித் சிங். ஆறில் நால்வர் இந்திய, இலங்கை வம்சாவளியினர். மக்கள்தொகையில் சுமார் 9 விழுக்காடாக இருந்த சமூகம் இடதுசாரித் தொழிற்சங்கத்தில் இவ்வளவு கனம் பெற்றதற்கு, துறைமுகமும் கடற்படைத் தளமும் அவர்களின் தொழிற்களமாக இருந்ததே காரணம். சில நாளில் மசெக பிளந்து பாரிசான் சோஷியலிஸ் கட்சி பிறந்தது.

பிறகு அமைதி. 1964இல் துறைமுக ஆணையம் வந்தது. 1972 ஜூனில் ராட்டர்டாமிலிருந்து ‘நிஹோன்’ என்ற கப்பல் தஞ்சோங் பகார் முனையத்துக்குக் கொள்கலன்களோடு வந்து சேர்ந்தது. தென்கிழக்கு ஆசியாவில் கொள்கலன் காலம் தொடங்கியது அந்தக் கப்பலோடுதான். நூறு பேர் தோளில் சுமந்ததை ஒரு பாரந்தூக்கி எடுத்து வைத்தது. துறைமுகத்துக்கு ஆள் தேவை குறைந்தது. நிலத் தேவை கூடியது. ஆள் வேண்டும் என்பதால் கட்டிய வீடுகள் நின்ற நிலம், இப்போது பெட்டி அடுக்க வேண்டும் என்பதால் தேவைப்பட்டது. பிளேர் பிளேன் இந்தக் கணக்கில்தான் அடிபட்டது. அங்கிருந்தவர்கள் இப்போது லயன் கூலிகள் இல்லை. குடிமக்கள், வாக்காளர்கள், வாக்களிப்பது கட்டாயம். கையில் இருந்ததைப் பயன்படுத்தினார்கள்.

அந்த 653 வாக்கு நாட்டின் தேர்தல் முறையையே தொட்டது. 1984இல் தொகுதியில்லா நாடாளுமன்ற உறுப்பினர் என்ற ஏற்பாடு வந்தது: தோற்ற எதிர்க்கட்சி வேட்பாளர்களில் அதிக விழுக்காடு பெற்றவருக்கு அவையில் இடம், ஆனால் அன்று சில முக்கிய விஷயங்களில் வாக்களிக்கும் உரிமை இல்லை. அதே ஆண்டு ஜெயரத்தினம் ஆன்சனில் மறுபடியும் வென்றார், முன்னைவிட அதிக விழுக்காட்டில். 1986இல் ஒரு வழக்கின் தீர்ப்பால் இடத்தை இழந்தார். 1988 தேர்தலில் ஆன்சன் என்ற தொகுதியே வரைபடத்தில் இல்லை.

அந்தத் தேர்தலில்தான், பலர் ஓர் அணியாகப் போட்டியிடும் குழுத்தொகுதி முறை அறிமுகமானது. சிறுபான்மையினர் தனியாக நின்றால் தோற்றுவிடக்கூடும். எனவே ஒரு குழுவில் குறைந்தது ஒரு சிறுபான்மையினராவது இருக்க வேண்டும் என்பது அரசு சொன்ன நியாயம். யாழ்ப்பாணத் தமிழர் ஒருவர் சீனர் பெரும்பான்மையாக வாழும் தொகுதியில் இரண்டு முறை தனியாக வென்றிருந்தாரே என்று எதிர்த்தரப்பு கேட்டது. நல்ல கேள்விதான். அவர் வென்றது கட்சி எதிர்ப்பு அலையிலா, இனம் கடந்த தேர்விலா என்பது திருப்பிக் கேட்கப்படும் கேள்வி.

அமெரிக்கா இதே சிக்கலை வேறு விதமாகக் கையாண்டது. வாக்குரிமைச் சட்டத்தின் 1982 திருத்தத்துக்குப் பிறகு, கறுப்பின அல்லது ஹிஸ்பானிக் மக்கள் பெரும்பான்மையாக அமையும்படி சில தொகுதிகளின் எல்லையை வரையும் வழக்கம் அங்கே வலுத்தது. இங்கே அது முடியாது. 1989இல் வந்த இன ஒதுக்கீட்டுக் கொள்கையின்படி வீவக அடுக்குமாடி ஒவ்வொன்றிலும் எந்த இனத்தவர் எவ்வளவு என்பதற்கு வரம்பு உண்டு. தமிழர் பெரும்பான்மையாக வாழும் ஒரு பேட்டை இனி உருவாகாது. எல்லைக்கோட்டை எப்படி வளைத்தாலும் 9 விழுக்காட்டு இந்தியச் சமூகம் பெரும்பான்மை ஆகாது. அங்கே மக்கள் எங்கே வாழ்கிறார்கள் என்பதைப் பார்த்துத் தொகுதியை வரைகிறார்கள்; இங்கே வேட்பாளர் பட்டியலை வரைகிறார்கள். இரண்டுக்கும் விலை உண்டு. அமெரிக்க முறையில் எல்லைக்கோடு நீதிமன்றத்துக்கும் கட்சிக்கும் இடையே ஓயாத சண்டையாகிவிட்டது. நம் முறையில் சிறு கட்சிகள் நான்கைந்து தகுதியான வேட்பாளர்களை ஒரே நேரத்தில் திரட்ட வேண்டியிருக்கிறது.

அந்த விலையைத் தஞ்சோங் பகார் நன்றாக அறியும். 1991இல் அது குழுத்தொகுதியானது. 1991, 1997, 2001, 2006 என நான்கு தேர்தல்களில் லீ குவான் யூ தலைமையிலான குழுவுக்கு எதிராக யாரும் நிற்கவில்லை. வாக்களிப்புக் கட்டாயம் என்று சட்டம் சொல்லும் நாட்டில் அங்கே வாக்குப்பெட்டி திறக்கவே இல்லை. 2011இல் ஒரு சுயேச்சைக் குழு வேட்புமனுவோடு வந்தது. கெடு முடிந்து 35 விநாடி ஆகிவிட்டது என்று மனு ஏற்கப்படவில்லை. தொகுதியில் ஒருவழியாகப் போட்டி நடந்தது 2015 செப்டம்பரில், லீ மறைந்து சுமார் ஆறு மாதம் கழித்து. 1991இல் 21 வயதை எட்டி, அதே பேட்டையில் தொடர்ந்து குடியிருந்த ஒருவர் நாடாளுமன்றத் தேர்தலில் முதல்முறையாக வாக்களித்தபோது அவருக்கு 45 வயது.